சீட்டுப் பணம் தராத சகோதரரோடு ஒரே பந்தியில் உட்காரலாமா?

தலாக்கரை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஆள் பெயரும் சபைப் பெயரும் போடப்போவதில்லை. நீங்களும் ஊகிக்க வேண்டாம்.

யாங்கூன் பக்கத்துத் தமிழ்ச் சபை ஒன்றில் விசுவாசி ஒருவர் சீட்டு பிடித்தார். 20 பேர், மாதம் 50,000 கியாட், குலுக்கல் சீட்டு, தள்ளு (ஏலக் கழிவு) கிடையாது. 11 மாதம் ஓடி நின்றுவிட்டது. சீட்டு எடுக்காதவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. பிடித்தவர் ஞாயிறு தவறாமல் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுக்கிறார். சயாவிடம் (போதகரிடம்) சொன்னால் "ஜெபிப்போம்" என்கிறார். இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போயாயிற்று. மூன்றாவது குடும்பம் கோயிலே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டது.

இவரோடு ஒரே பந்தியில், அதாவது திருவிருந்தில், அப்பமும் ரசமும் வாங்கலாமா? விசுவாசிகளே இப்படி என்றால் விசுவாசம் எதற்கு என்று கேட்கும் வாலிபப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? வேதத்தில் இதற்கென்று முறை இருக்கிறதா, இல்லை "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" மட்டும்தானா? சொந்த அனுபவம் வேண்டாம், அது எல்லோரிடமும் இருக்கிறது. முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

வேதத்துக்கு முன்னால் கணக்கு. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே போடலாம்.

20 பேர் 50,000 வீதம் போட்டால் மாதம் 10 லட்சம். 11 மாதத்தில் 11 பேர் எடுத்துவிட்டார்கள் (சீட்டு பிடித்தவர் வழக்கப்படி முதல் சீட்டை எடுத்திருப்பார், அவரும் இந்த 11-க்குள் ஒருவர்). பாக்கி 9 பேர் எடுக்கவில்லை. எடுக்காத ஒவ்வொருவரும் கட்டியது 11 × 50,000 = 5.5 லட்சம். 9 பேருக்கும் சேர்த்து 49.5 லட்சம்.

இப்போது மறுபக்கம். எடுத்த ஒவ்வொருவரும் இன்னும் 9 மாதம் கட்ட வேண்டியிருந்தது, அதாவது ஆளுக்கு 4.5 லட்சம். 11 பேருக்கும் சேர்த்து அதுவும் அதே 49.5 லட்சம். ஒரு கியாட் கூடுதல் குறைவு இல்லை.

அண்ணே, இது என்ன சொல்கிறது பாருங்கள். பாட்டு எடுத்துக் கொடுப்பவர் தலையில் எல்லோரும் 50 லட்சத்தை வைக்கிறார்கள். கணக்குப்படி அவர் கையிலிருந்து வர வேண்டியது 4.5 லட்சம். மீதி 45 லட்சம் மற்ற 10 பேரிடம் இருக்கிறது. அந்த 10 பேரும் அதே கோயிலில்தான் உட்கார்ந்திருப்பார்கள், அவரைப் பற்றிக் குசுகுசுக்கிற வரிசையிலும் இருக்கலாம். கட்டாதவர்களுக்குச் சீட்டு பிடித்தவர் பொறுப்பு என்பது நம் வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பாளி வேறு, கடன்காரன் வேறு.

முதல் வேலை: சீட்டு நோட்டை வாங்கி ஒரு தாளில் 20 பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம்: எத்தனை தவணை கட்டினார், எந்த மாதம் எடுத்தார், இன்னும் தர வேண்டியது அல்லது பெற வேண்டியது. கடைசிக் கட்டத்தின் இரண்டு பக்கமும் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு மாதம் ஒழுகியிருக்கிறது.

இரண்டாவது, தீர்வுக்கு ஒரு வழி. எடுத்த 11 பேரும் மாதம் 25,000 வீதம் கட்டட்டும், பழைய தவணையில் பாதிதான். மாதம் 2.75 லட்சம் சேரும். இரண்டு மாதத்தில் 5.5 லட்சம். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருவருக்கு முழுப் பணமும் கொடுத்துவிடலாம். 9 பேருக்கு 18 மாதம். ஒவ்வொரு மாதமும் எல்லோருக்கும் முப்பதாயிரம் சொச்சம் பிரித்துக் கொடுக்கிற யோசனை வரும், ஒத்துக்கொள்ளாதீர்கள். சில்லறையாக வந்தால் வாங்குகிறவருக்குப் பணம் வந்த மாதிரியே இருக்காது, கணக்கும் 9 இடத்தில் சிக்கும். யாருக்கு அவசரமோ, பிள்ளை படிப்போ வைத்தியமோ, அவர் முதலில்.

மௌல்மீன் மழை

கணக்கர் ஐயா கட்டின அஸ்திவாரத்தின் மேல் நான் மத்தேயு 18:15-17 வைக்கிறேன். எல்லோருக்கும் மனப்பாடம், செய்கிறவர் குறைவு. செய்கிறவர்களும் படி மாறிச் செய்கிறார்கள்.

முதல் படி: "நீயும் அவனும் தனித்திருக்கையில்." இந்த வார்த்தையிலேயே பாதிப் பேர் விழுகிறார்கள். வைபர் குழுவில் போடுவது தனித்திருப்பது ஆகாது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது பிடித்துக் கேட்பதும் ஆகாது, சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். சயாவிடம் முதலில் போய்ச் சொல்வதும் படி மாறினதுதான். அவர் வருகிற இடம் மூன்றாவது படி. நீங்கள் சொன்ன கதையில் சயா "ஜெபிப்போம்" என்றது கோழைத்தனமாகவும் இருக்கலாம், "நீ அவரிடம் பேசினாயா" என்று கேட்கக் கூச்சப்பட்டதாகவும் இருக்கலாம்.

எப்படிப் பேசுவது? அவர் வீட்டில் மனைவி பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, அல்லது டீக்கடையில் மூலை மேசை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று நின்றால் மனுஷன் தற்காப்புக்குத்தான் பேசுவான். ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். சீட்டோடு சேர்த்து போன வருஷ கிறிஸ்துமஸ் விருந்துக் கணக்கையும் இழுத்தால் அவர் சுலபமான பக்கம் தாவிவிடுவார். நடந்ததைச் சொல்லுங்கள், உள்நோக்கத்தைச் சொல்லாதீர்கள். "11-வது மாதத்துக்குப் பிறகு பணம் வரவில்லை" என்பது நடந்தது. "நீங்கள் ஏமாற்ற நினைத்தீர்கள்" என்பது உங்கள் ஊகம். அந்த வசனத்தின் முடிவையும் பாருங்கள்: சகோதரனை "ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்கிறது. வியாபாரச் சொல். இழந்த ஆளைத் திரும்பப் பெறுவதுதான் லாபம்.

இரண்டாவது படி, ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப்போவது. இது உபாகமம் 19:15-லிருந்து வருகிறது, நியாயஸ்தலத்துச் சாட்சி விதி. உங்கள் கட்சிக்காரர் இரண்டு பேரைக் கூட்டிப்போனால் அது சாட்சி ஆகாது, படை. அவரும் மதிக்கிற ஒருவர் அவசியம். சாட்சிகள் உங்களையும் கண்டிக்க உரிமை உள்ளவர்கள் என்று போகும்போதே ஒத்துக்கொண்டு போங்கள். இந்தச் சந்திப்பில் ஒரு தாளில் மூன்று வரி எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்: எவ்வளவு, எப்போது, எப்படி.

மூன்றாவது, சபைக்குச் சொல்வது. பாப்டிஸ்டு சபையில் அங்கத்தினர் கூட்டம், மெதடிஸ்டில் தலைவர் கூட்டம், ஆங்கிலிக்கனில் குருவானவர், அங்கிருந்து பேராயர். ஞாயிறு பிரசங்கத்தில் ஜாடையாகக் குத்துவது எந்தச் சபையிலும் மூன்றாவது படி இல்லை. பெயர் சொல்லாத கண்டனம் கேட்கிற எல்லோரையும் புண்படுத்தும், சம்பந்தப்பட்டவரைத் தவிர.

அதுக்கப்புறம்தான் "அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும்." இதை எழுதின மத்தேயு யார்? ஆயத்துறையில் வரி வசூலித்து உட்கார்ந்திருந்தவன். ஆயக்காரனோடு இயேசு என்ன செய்தார் என்று அவனுக்குத் தெரியும். பொறுப்பிலிருந்து எடுத்துவிடலாம், பந்தியிலிருந்து நிறுத்தலாம். வீட்டு வாசலை அடைக்கச் சொல்லவில்லை.

ஒரு சின்னக் குறிப்பு: 15-ம் வசனத்தில் "உனக்கு விரோதமாய்" என்ற சொற்கள் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. அதனால் "எனக்கு நடக்கவில்லையே, நான் ஏன் பேச வேண்டும்" என்று நழுவுவதற்கு இந்த வசனம் நல்ல மறைவிடம் இல்லை.

இன்செயின் வாலிபன்

அண்ணே ஒரு சந்தேகம். எல்லாக் குற்றத்துக்கும் முதலில் தனியாகப் போ என்றால், பேதுருவைப் பவுல் எல்லோர் முன்னாலும் பிடித்தாரே? கலாத்தியர் 2.

இன்னொன்று. வாலிபர் கூட்டத்தில் ஒருவர் பிள்ளைகளிடம் தவறாக நடந்தால் அந்தப் பிள்ளையைத் தனியாகப் போய்ப் பேசச் சொல்வீர்களா?

மௌல்மீன் மழை

தம்பி, இரண்டும் சரியான கேள்வி.

அந்தியோகியாவில் பேதுரு எல்லோரும் பார்க்கத்தான் புறஜாதியார் (யூதரல்லாதவர்) பந்தியை விட்டு விலகினார். பர்னபாவும் இழுபட்டார். வெளியில் நடந்தது, வெளியில் திருத்தப்பட்டது. தவறு எத்தனை பேருக்குத் தெரியுமோ அத்தனை பேர் முன்னால் திருத்தினால் போதும், அதற்கு மேல் ஒருவர்கூட வேண்டாம். மூப்பர்கள் விஷயத்தில் 1 தீமோத்தேயு 5:19-20 இரண்டு பக்கமும் காவல் போடுகிறது: இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் புகாரை ஏற்காதே, நிரூபணமானால் எல்லோர் முன்பாகவும் கடிந்துகொள். நம்மூரில் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்வார்கள்.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது, ஒருநாளும் கூடாது. மத்தேயு 18 சகோதரனுக்கும் சகோதரனுக்கும் நடுவில் உள்ளது. அதே அதிகாரம் 6-ம் வசனத்தில் சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் செய்தவனுக்குக் கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் அமிழ்த்துவது பேசப்படுகிறது, சமாதானப் பேச்சு பேசப்படவில்லை. பிள்ளையை அந்த ஆளோடு ஒரே அறையில் உட்கார வைக்காதே; அன்றைக்கே அவரைப் பிள்ளைகள் வேலையிலிருந்து எடு; பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுது, திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதே; பெற்றோருக்கும் வெளி அதிகாரத்துக்கும் தெரிவி. அடிதடி, பெண்களிடம் அத்துமீறல் எல்லாம் இதே வகை. 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி "விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போகக்கூடாது" என்று இதை மூடுகிறவர்கள் உண்டு. பவுல் அங்கே பேசுவது ஜீவனத்துக்கடுத்த வழக்கு, அதாவது காசு, சொத்து. அவரே தன் உயிருக்கு ஆபத்து வந்தபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் முறையிட்டார் (அப்போஸ்தலர் 25:11).

சீட்டு மாதிரிக் காரியத்துக்கு 1 கொரிந்தியர் 6 அப்படியே பொருந்தும். "உங்களில் ஒரு விவேகியாவது இல்லையா" என்று கேட்கிறார். கணக்குப்பிள்ளை ஐயா மாதிரி ஒருவரை உட்காரவைத்தால் அந்த வசனம் நிறைவேறிவிடும்.

பெகு வயல்

கோதுமையும் களையும் உவமையை இன்னும் யாரும் எடுக்கவில்லை, ஆச்சரியம். கோதுமை வயலில் எதிரி திருட்டுத்தனமாகக் களை விதைக்கிறான், வேலைக்காரர் பிடுங்கவா என்று கேட்க எஜமான் தடுக்கிறார். இப்படிப்பட்ட சச்சரவில் மூப்பர்கள் முதலில் எடுப்பது அதைத்தான்: "இரண்டும் அறுப்புவரை வளரட்டும், பிடுங்காதே." இரண்டு விஷயத்தைக் கவனிக்காமல் எடுப்பார்கள்.

ஒன்று, மத்தேயு 13:38-ல் விளக்கம் அங்கேயே இருக்கிறது: நிலம் உலகம். சபை என்று எழுதவில்லை.

இரண்டாவது பயிர் விஷயம். நாம் நெல்லை வைத்து யோசிக்கிறோம், அங்கே தப்பு வருகிறது. பெகு, மோன் பக்கம் நெல் வயலில் குதிரைவாலிப் புல் வரும். இரண்டு மூன்று இலை விட்ட பருவத்தில் நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டுமானால் இலை தண்டோடு சேருகிற கழுத்தை விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். நெல் என்றால் அந்த இடத்தில் மெல்லிய ஜவ்வு மாதிரி ஒரு நாக்கு நிற்கும், இரண்டு பக்கமும் மயிர் உள்ள சின்னக் காது மாதிரி மடல் தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலிக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை, மொட்டைக் கழுத்து. இதைப் பார்க்காமல் நாற்றுப் பிடுங்கினால் களையும் நாற்றோடு ஒரே முடிச்சில் கட்டப்பட்டு, நம் கையாலேயே வரிசையாக நடப்பட்டுவிடும். நட்ட வயலில் வரிசைக்கு வெளியே நிற்பது களை என்று சொல்லலாம். வரிசைக்குள் நட்ட களையை என்ன செய்ய? விதைப்பு வயலில் வரிசையே கிடையாது, இன்னும் கஷ்டம். ஞாபகம் வையுங்கள், அந்தக் களையைத் திருட்டுத்தனமாக யாரும் விதைக்கவில்லை. நாமே அவசரத்தில் நட்டது. சபையில் பொறுப்புக் கொடுக்கும் விஷயமும் பாதி இப்படித்தான்.

குதிரைவாலியை அறுப்புவரை விடவே முடியாது. நெல் பழுக்கும் முன்பே அதன் விதை உதிர்ந்து சேற்றில் இறங்கிவிடும், அடுத்த வருஷம் இரட்டிப்பாக வரும். பூக்கும் முன்னால் கையால் பிடுங்கியே ஆக வேண்டும். உவமையில் உள்ள களை வேறு. பலஸ்தீனத்துக் கோதுமை வயலில் வருவது, தானியத்தில் ஒரு பூஞ்சை குடியிருக்கும், தின்றால் தலை சுற்றும். அதன் விதை உதிராது, கோதுமையோடு கூடவே கதிரில் நிற்கும், அறுவடைக்குப் பிறகு பிரிக்கலாம். அதனால்தான் அந்த எஜமான் "பொறு" என்று சொல்ல முடிந்தது. வேர் பின்னிக்கொண்ட பிறகு பிடுங்கினால் கோதுமையும் வரும் என்பது அவர் சொன்ன காரணம்.

மற்றவன் நரகத்துப் பிள்ளையா என்று தீர்ப்பு எழுதும் வேலைக்குத்தான் "பொறு". சீட்டுப் பணத்துக்கு இல்லை. அது உதிர்கிற விதை.

நியாங்லேபின் யாத்திரி

நான் கத்தோலிக்கன், எங்கள் சொல் கொஞ்சம் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயல்காரர் சொன்ன "நிலம் உலகம்" என்ற வாதம் 1,600 வருஷம் பழையது.

303-ல் ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்து வேதகலாபம், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துவது, தொடங்கியது. வட ஆப்பிரிக்காவில் சில குருக்களும் ஆயர்களும் உயிருக்குப் பயந்து திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். கலாபம் ஓய்ந்ததும், சிசிலியன் என்பவரைக் கார்த்தேஜ் ஆயராக்கினபோது, அவருக்குத் திருநிலைப்பாடு (ஆயராக்கும் சடங்கு) கொடுத்தவர்களில் ஒருவர் நூலை ஒப்படைத்தவர் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்து கட்சியார் என்று பெயர். கறைபட்ட கை கொடுத்த திருநிலைப்பாடு செல்லாது, அந்த ஆயர் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லாது, சுத்தமான திருச்சபை நாங்கள்தான் என்றார்கள். 314-ல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் அதை ஏற்கவில்லை. 411-ல் கார்த்தேஜில் இரண்டு தரப்பு ஆயர்களும் நேருக்கு நேர் வாதாடினார்கள். புனித அகுஸ்தீனார் திருச்சபையில் நல்லவரும் கெட்டவரும் கலந்துதான் இருப்பார்கள் என்று களை உவமையைக் காட்ட, தொனாத்து கட்சியார் சரியாக உங்கள் பதிலைத்தான் சொன்னார்கள்: நிலம் உலகம். பெகு வயல் அண்ணே, நீங்கள் எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டது.

விளையாட்டை விடுவோம். அந்த நூறு வருஷச் சண்டையில் நிலைத்த முடிவு இதுதான்: அருட்சாதனம் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்றது) கிறிஸ்துவினுடையது, கொடுப்பவரின் யோக்கியதையைப் பொறுத்து அதன் பலன் ஏறி இறங்காது. இது எங்களுடையது மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் 26-வது இதையே சொல்கிறது. அதே பிரமாணத்தின் கடைசி வாக்கியத்தை யாரும் வாசிப்பதில்லை: தீய ஊழியர்களை விசாரித்து, குற்றம் உறுதியானால் நீக்க வேண்டும் என்கிறது. அருள் குறையாது, ஆனால் ஆளை விசாரி. இரண்டும் ஒரே பத்தியில்.

வாலிபர்களுக்கு இதைச் சொல்லலாம். பாட்டு எடுத்துக் கொடுப்பவர் கடன்காரர் என்பதால் பாட்டு பொய்யாகாது. பாட்டு நன்றாக இருப்பதால் கடன் தீராது.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டால் முடிந்தது என்று எங்கள் ஆட்களே நினைப்பதுண்டு. முடியாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்கு மனஸ்தாபமே, பாவத்துக்கு வருந்தும் மனமே, இல்லை என்பதுதான் எங்கள் போதனை. முடியாத நிலையில் இருப்பவன் முடிந்த அளவு, முடியும்போது. லேவியராகமம் 6-ல் அடகு வைத்ததிலோ கொடுக்கல் வாங்கலிலோ ஏமாற்றினவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதுவும் குற்றநிவாரண பலியிடும் அதே நாளில். கணக்கர் ஐயா கணக்குப்படி 4.5 லட்சத்துக்கு 90,000 சேர்த்து 5.4 லட்சம். அதை இப்போது வசூலிக்கச் சொல்லவில்லை. பலிபீடமும் பணப்பையும் எவ்வளவு பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொன்னேன்.

கமாயுட் அக்கா

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நான் ஜெபக் கூட்டத்துக்கு வருகிறேன். இந்தச் சீட்டு விஷயம் ஊரெல்லாம் பரவியது எப்படி என்று விசாரித்தால் "ஜெப விண்ணப்பம்" என்ற வழியில்தான் பரவியிருக்கும். "இன்னார் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், அவர் பணக் கஷ்டத்தில் தவறிவிட்டார்." கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் புறங்கூறுதல்.

கூட்டம் நடத்துகிறவர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அவர் உங்களை இதைச் சொல்லச் சொன்னாரா?" இல்லை என்றால் பெயரில்லாமல் ஜெபம். இரண்டு வாரம் கேட்டால் மூன்றாவது வாரம் விண்ணப்பம் பாதியாகக் குறையும்.

காணிக்கை பற்றியும் சொல்லியாக வேண்டும். சீட்டில் நடந்தது நாளைக்குக் காணிக்கையில் நடக்கும், காரணம் ஒன்றே: ஒரே ஆள், ஒரே நோட்டு, "விசுவாசிதானே" என்ற நம்பிக்கை. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:19-21). அப்போஸ்தலனுக்கே சாட்சி வேண்டியிருந்தது.

பையைத் திறக்கும்போது மேசையில் மூன்று பேர், குறைந்தது இரண்டு. கணவன் மனைவி ஒரு ஆள் கணக்கு. அண்ணன் தம்பியும் அப்படியே. ஆட்கள் கோயிலை விட்டுப் போகும் முன்னால் எண்ணி முடிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணக் கூடாது. நோட்டுகளை 10,000, 5,000, 1,000, 500, 200 என்று பிரித்து அடுக்கி, கிழிந்தது, பேனாக் கிறுக்கல் விழுந்தது தனியாக. கடையில் வாங்க மாட்டார்கள் என்பதால் அதைத்தான் "மாற்றித் தருகிறேன்" என்று ஒருவர் பையில் போட்டுக்கொள்வார், கணக்கு அங்கேதான் முதலில் ஒழுகும். தாளில் நோட்டு வகை, எண்ணிக்கை, தொகை. மொத்தத்தை ஒருவர் எண்ணி, அடுத்தவர் முதலாமவர் எண்ணைப் பார்க்காமல் மறுபடி எண்ண வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம். இரண்டு பிரதி. எண்ணினவர் பேரேடு எழுதக் கூடாது. மாதம் ஒரு முறை மூன்றாவது ஆள் எண்ணின தாளையும் பேரேட்டையும் கையிருப்பையும் ஒப்பிட வேண்டும்.

2021 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு வங்கியில் போட்டால் எடுப்பது பாடு என்று நிறைய இடத்தில் பணம் பொருளாளர் வீட்டு அலமாரிக்குப் போய்விட்டது. பொருளாளர் யோக்கியர்தான். ஆனால் அவர் மகளுக்குத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பெட்டி பக்கத்து அறையில் இருக்கிறது. ஒரு ஆளை அப்படிச் சோதனையில் நிறுத்துவது சபையின் பாவம். இரும்புப் பெட்டி, இரண்டு பூட்டு, இரண்டு வீட்டில் இரண்டு சாவி. 

கேபிஸட்பே, வேவ்பே என்று கைபேசி வழியாகக் காணிக்கை வந்த பிறகு இன்னொரு தொல்லை. சுவரில் ஒட்டின க்யூஆர் படம் யாரோ ஒருவர் பெயரில் உள்ள கணக்கு. வாரம் ஒரு முறை அதைக் காலி பண்ணி, வரவுப் பட்டியலைத் திரையில் எடுத்து எண்ணும் தாளில் தனி வரியாகச் சேருங்கள். அந்த ஆள் திடீரென்று தாய்லாந்துக்கு வேலைக்குப் போனாலும் பணம் மாட்டிக்கொள்ளாது.

இன்செயின் வாலிபன்

அக்கா, காணிக்கை மேசையில் ஒரு வாலிபனையும் உட்காரவையுங்கள். எங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, பர்மிய வேதம்தான் வாசிக்கிறோம் என்று எதற்கும் கூப்பிடுவதில்லை. பிறகு "வாலிபர் கோயிலுக்கு வருவதில்லை" என்று ஜெபம்.

மௌல்மீன் மழை

தம்பி சொன்னது அப்போஸ்தலர் 6. கிரேக்க மொழி பேசின விதவைகள் அன்றாட விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு. சபை 7 பேரைத் தெரிந்தெடுத்தது. பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். முறையிட்ட பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தி விசாரிப்பைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கணக்கு பர்மிய மொழியில் எழுதினால் என்ன, கூட்டல் ஒன்றுதானே.

விலகிப்போன குடும்பங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. விலகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சனே தன்னை அனுப்பின சபைப் பிரிவை 1812-ல் விட்டவர்தான். கப்பலில் ஞானஸ்நானத்தைப் பற்றிப் படித்து, மனம் மாறி, கல்கத்தாவில் ஞானஸ்நானம் எடுத்து, அனுப்பினவர்களுக்குக் காரணத்தை எழுதிவிட்டு, 1813-ல் ரங்கூனில் இறங்கினார். உபதேசம் மாறினது, வெளிப்படையாகச் சொன்னார். ஆளைப் பிடிக்கவில்லை என்று சொல்லாமல் நழுவுவது வேறு. போகிறவர்கள் மூன்று படியும் முடிந்ததா என்று பார்த்து, காரணத்தை எழுதிக் கொடுத்து, மாற்றுக் கடிதமும் ஞானஸ்நானப் பதிவு நகலும் வாங்கிக்கொண்டு போகட்டும். பிள்ளை கல்யாணத்தின்போது அந்தத் தாளுக்காகத் திரும்ப அதே வாசலில் நிற்க வேண்டிவரும்.

நியாங்லேபின் யாத்திரி

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே. பந்தி?

மௌல்மீன் மழை

ஆமாம். 1 கொரிந்தியர் 11:28 "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்கிறது. பக்கத்தில் இருப்பவனைச் சோதிக்கச் சொல்லவில்லை. ஆகவே அவர் வருகிறார் என்பதற்காக நீங்கள் வாங்காமல் இருக்கத் தேவையில்லை. அவரை நிறுத்துவது சபையின் வேலை, உங்கள் வேலை இல்லை.

நிறுத்தும் முறை 1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் திருவிருந்து ஒழுங்கின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எல்லோரும் அறிய அயலானுக்கு அநியாயம் செய்து சபைக்கு இடறலானவரைக் குருவானவர் முதலில் கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும். மனந்திரும்பினது வெளியரங்கமாகத் தெரிந்து, அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கு ஈடு செய்யும்வரை, அல்லது செய்வதாக உறுதி சொல்லும்வரை, வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். இருவருக்குள் பகை என்றால், ஒருவர் மனதார மன்னிக்கவும் தன் தவறுக்கு ஈடு செய்யவும் தயார், மற்றவர் மாட்டேன் என்கிறார் என்றால், தயாரானவரை ஏற்றுக்கொண்டு பிடிவாதக்காரரை நிறுத்த வேண்டும். இப்படி யாரையாவது நிறுத்தினால் 14 நாளுக்குள் மேலதிகாரிக்கு அறிவிக்கவும் வேண்டும். குருவானவர் தன் கோபத்துக்கு ஆளை நிறுத்திவிடக் கூடாது அல்லவா.

"உறுதி சொல்லும்வரை" என்பதைக் கவனியுங்கள். 18 மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம். தாளில் கையெழுத்து விழுந்து முதல் தவணை வந்துவிட்டால் அடுத்த பந்திக்கு வரலாம். மறுபக்கம், பணம் வராத கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்ட 9 பேரும் இதே விதியின் கீழ்தான்.

தலாக்கரை

எல்லோருக்கும் நன்றி. சீட்டு நோட்டின் நகல் கிடைத்தது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி கட்டம் போட்டோம். இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. 7-வது மாதத்தில் எடுத்தவர் பெயர் எழுதவில்லை, வெறுமையாக இருக்கிறது. எடுத்தவர்கள் 10 பேர்தான். எல்லாரும் 11 தவணையும் கட்டியதாகக் குறிப்பு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் புதுக் கணக்கு: 10 பேர் 4.5 லட்சம் வீதம் தர வேண்டியது 45 லட்சம். எடுக்காத 10 பேர் 5.5 லட்சம் வீதம் பெற வேண்டியது 55 லட்சம். துண்டு விழுவது 10 லட்சம், சரியாக ஒரு மாதச் சீட்டு.

அவசரப்பட்டு எடுத்துக்கொண்டார் என்று எழுதிவிடாதீர்கள். நோட்டில் "கட்டியது" என்று குறித்திருந்தாலும் உண்மையில் சிலர் தவணை தவறியிருந்து, முகதாட்சண்யத்துக்காக அவர் குறித்துவிட்டு, சேர்ந்த துண்டை அடைக்க 7-வது மாதப் பணத்தைப் போட்டிருக்கலாம். சீட்டு இடிவது பெரும்பாலும் அப்படித்தான். அப்படியென்றால் அந்த 10 லட்சமும் தவணை தவறினவர்கள் தலையிலேயே திரும்ப ஏறும். வேறு மாதிரியும் இருக்கலாம். நோட்டு இதற்கு மேல் சொல்லாது.

அந்த ஒரு மாதத்தை மட்டும் கேளுங்கள். ஒருவர் மட்டும் போங்கள். நகலைக் கொண்டுபோக வேண்டாம், வெறும் தாளும் பேனாவும் போதும். அவரே எழுதிக் காட்டட்டும்.